மழைக்கால இருப்புக்கு எந்தக் கலம்? டிரம், வாளி, பை, உறை நான்கையும் எடைபோட்டால்

50 கிலோ பிடிக்கும் எவர்சில்வர் டிரம். மாதக் கடைசி, உள்ளே 20 கிலோ அரிசி மிச்சம். டிரம்மின் குறுக்களவு 40 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், தரையில் சுமார் 20 செ.மீ. தண்ணீர் ஏறியதுமே அது மிதக்கத் தொடங்கிவிடும். முழங்கால்கூட நனையாத தண்ணீர் அது. மிதக்கிற டிரம் தள்ளாடும், உள்ளே அரிசி ஒரு பக்கமாகச் சரியும், அந்தப் பக்கமே டிரம்மும் சாயும். மேலே வெறுமனே கவிழ்த்து வைத்த மூடி கழன்றுகொள்ளும். நிறைந்த டிரம் என்றால் அவ்வளவு சீக்கிரம் மிதக்காது. ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் புகும்போது 50 கிலோவை யார் மாடிக்குத் தூக்குவது?

வீட்டில் உணவு இருப்பு வைப்பது பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் கேட்பது எவ்வளவு வாங்க வேண்டும் என்பதைத்தான். எதில் போட்டு வைப்பது என்பது அதற்கு இணையான கேள்வி. கடைகளில் இன்று கிடைக்கும் நான்கு வகைக் கலங்களைத் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழையை மனத்தில் வைத்து இங்கே மதிப்பிட்டிருக்கிறோம். மற்ற ஊர்களுக்கும் இது பொருந்தலாம், ஆனால் எங்கள் கணக்கு ஐப்பசி, கார்த்திகைக்கானது.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதே 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. சாலை துண்டிக்கப்பட்ட ஊர்களுக்குள் சரக்கு வண்டி நுழைய முடியவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்த பிறகு டெல்டா கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கிரைண்டர் ஓடாது, ஃபிரிட்ஜ் குளிராது, மோட்டார் தண்ணீர் ஏற்றாது. இந்த மூன்று வகைத் துன்பத்துக்கும் தாங்கக்கூடிய கலம்தான் நல்ல கலம்: நீர் புகக் கூடாது, பத்து நாள் கடை திறக்காவிட்டாலும் உள்ளே இருப்பது கெட்டிருக்கக் கூடாது, தூக்கிக்கொண்டு படியேற முடிய வேண்டும்.

கலங்களுக்குப் போகும் முன் வண்டைப் பற்றி ஒரு வார்த்தை. மூடியை இறுக்கமாகப் போட்டால் வண்டு வராது என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். வண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, அரிசியோடு சேர்ந்தே வீட்டுக்கு வருகிறது. மூக்கு நீண்ட அந்த அரிசி வண்டில் பெண் வண்டு அரிசி மணியைத் துளைத்து, துளைக்குள் முட்டையிட்டு, வாயை அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து வண்டாகத்தான் வெளியே வரும். நம் ஊர் வெக்கையில் இந்தச் சுற்று முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. வாங்கும்போது வெள்ளைவெளேர் என்று இருந்த அரிசி ஐந்தாவது வாரம் நடக்க ஆரம்பிப்பது இதனால்தான். முழுப்பயறில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பச்சைப்பயறை உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் உருட்டுங்கள். தோல்மேல் குண்டூசி முனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது பயறு வண்டின் முட்டை. அந்தப் பயறை இருப்புக்கு எடுக்காதீர்கள். உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாக முட்டையிடுவதில்லை. நம் வீடுகளில் துவரையை உடைத்துப் பருப்பாக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது ஈரம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நின்றால், அந்தக் காற்றில் திறந்து கிடக்கும் அரிசி மெல்ல மெல்ல 14 சதவீத ஈரத்துக்கு வந்து சேரும். அதற்கு மேல் போனால் பூஞ்சை, மக்கல் வாடை. கடற்கரை மாவட்டங்களில் கார்த்திகை மாதக் காற்று அதைவிட ஈரமாகத்தான் இருக்கும். எனவே இருப்பைக் கட்ட வேண்டிய நேரம் புரட்டாசி. புயல் எச்சரிக்கை வந்த பிறகு வாங்கி அடைத்தால், காற்றின் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டியதாகும்.

அடைக்கும் முன் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடி சீசாவில் பாதி அளவு அரிசியும், வாணலியில் சூடாக்கி ஆறவைத்த உப்பு இரண்டு மேசைக்கரண்டியும் போட்டு இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் அரிசி ஈரம். ஒட்டாமல் உதிர்ந்தால் அடைக்கலாம். ஈரமான அரிசியை வெயிலில் காயப்போடக் கூடாது, மணி விரிசல் விட்டுக் குருணையாகிவிடும். நிழலில் துணி விரித்து மின்விசிறிக் காற்றில் ஒரு பகல் போதும். பருப்பு, மிளகாய், புளிக்குத்தான் வெயில்.

எவர்சில்வர் டிரம்

எலிக்கும் கரப்பானுக்கும் இதைப்போன்ற எதிரி வேறில்லை. வாடை பிடிக்காது, வெடிக்காது, பேத்தி காலம்வரை உழைக்கும். தினசரி புழக்கத்துக்கான அரிசிக்கு டிரம்மை நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

இருப்புக் கலமாகப் பார்த்தால் இதன் பலவீனம் மூடியில் இருக்கிறது. சாதாரண டிரம்மின் மூடி வெறுமனே பொருந்தி உட்காருவது. விளிம்புக்கும் மூடிக்கும் இடையே ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கும். காற்றும் ஈரமும் அதன் வழியே போய் வரும். மூடியைக் கவிழ்த்து அதன் உள்மடிப்பைப் பாருங்கள்: மாவுத் தூசும் நூலாம்படையும் சேர்ந்து திரிபோல ஒட்டியிருக்கும். அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு தங்குமிடம் அதுதான். டிரம்மைக் கழுவுகிற பலரும் அந்த மடிப்பை விட்டுவிடுகிறார்கள். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்துக் காயவைத்த பிறகே புது அரிசியைக் கொட்ட வேண்டும். பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டுவது டிரம் வைத்திருப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. அடியில் கிடக்கும் இரண்டு கிலோவில் இருக்கும் வண்டுக்கு 25 கிலோ விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

தரையில் நேராக வைக்காதீர்கள். மழைநாளில் தரை குளிர்ந்து, அடித்தகட்டை ஒட்டிய அரிசி ஈரம் கோத்துக் கட்டி தட்டும். கீழே மரப்பலகை வேண்டும்.

டிரம்மோடு சேர்த்து வாங்கவேண்டிய ஒரு சிறு கருவி உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப்பொறி. மேற்பகுதியில் 2 மி.மீ. துளைகள் நிறைந்த குழாய், அடியில் கூம்பும் சேகரிக்கும் குப்பியும். அரிசிக்குள் நெட்டாகச் செருகிவிட்டால் போதும். வண்டு காற்றோட்டம் இருக்கும் இடத்தைத் தேடிப் போகும் இயல்புள்ளது. துளை வழியே நுழைந்து வழுக்கிக் குப்பியில் விழுந்தால் ஏற முடியாது. 25 கிலோ கலத்துக்கு இரண்டு அல்லது மூன்று வேண்டும், மேல்மட்டத்திலிருந்து அரை அடிக்குள் இருக்கும்படி செருக வேண்டும். மருந்து இல்லை, மின்சாரம் இல்லை. வாரம் ஒரு முறை குப்பியைத் திறந்து பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கட்டத்திலேயே வண்டு இருப்பது தெரிந்துவிடும். மணிக்குள் இருக்கும் முட்டையையும் புழுவையும் இது ஒன்றும் செய்யாது என்பதை மறக்கக் கூடாது. மாவுக்கும் ரவைக்கும் பயன்படாது, துளை அடைபட்டுவிடும். இவ்வளவு எளிய பொருள் ஒவ்வொரு மளிகைக் கடையிலும் தொங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை.

வளைய மூடி வாளி

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நியாயம்தான், எல்லாப் பிளாஸ்டிக்கும் உணவுக்கானதில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருப்பதையும், பக்கத்தில் கோப்பையும் முள்கரண்டியும் வரைந்த குறி இருப்பதையும் பார்த்து வாங்குங்கள். பெயின்ட் வாளியை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது. சாயமும் கரைப்பானும் பிளாஸ்டிக்கின் உள்ளேயே ஊறிப்போயிருக்கும்.

நாங்கள் சிபாரிசு செய்வது 10 லிட்டர் கொள்ளும், ரப்பர் அல்லது சிலிக்கோன் வளையம் பதித்த திருகு மூடி வாளி. பச்சரிசியானாலும் புழுங்கலானாலும் ஏறக்குறைய 8 கிலோ பிடிக்கும். கைப்பிடியோடு தூக்கினால் ஒரு பாட்டி மாடிப்படி ஏறிவிடலாம். நான்கு வாளி என்றால் 32 கிலோ. ஒன்றில் வண்டு விழுந்தாலும் மூன்று தப்பிக்கும். ஒன்றைத் திறந்து சமைக்கும்போது மற்ற மூன்றும் மூடியபடியே இருக்கும். டிரம்மில் இந்த மூன்றுமே நடக்காது. நான்கு கலங்களிலும் வாளிக்கு முதலிடம் தருவதற்கு முழுக் காரணம் இதுதான்.

வாங்கி வந்ததும் சோதித்துப் பாருங்கள். காலி வாளியை இறுக மூடி, பெரிய தொட்டித் தண்ணீரில் தலைகீழாக அமுக்கி ஒரு நிமிடம் பிடியுங்கள். மூடியின் ஓரத்தில் எங்காவது குமிழி வரிசையாக வந்தால் வளையம் சரியாக உட்காரவில்லை. வளையத்தை எடுத்து, திருப்பிப் போட்டுப் பொருத்திப் பாருங்கள். அப்படியும் குமிழி வந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது மளிகை டப்பாதான், இருப்புக் கலமல்ல. வளையத்தின் பள்ளத்தில் மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் நல்ல வாளியும் ஒழுகும். ஆண்டுக்கு ஒரு முறை வளையத்தைக் கழற்றிச் சோப்பில் கழுவிக் காயவைத்து, விரலால் இழுத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. எலி மனம்வைத்தால் ஓரிரவில் கடித்துத் துளையிடும். பிளாஸ்டிக் வழியாக ஆக்சிஜன் மெல்லக் கசியும் என்பதால் ஓராண்டுக்கு மேல் தொடாமல் வைக்க வெறும் வாளியை நம்பக் கூடாது. நெத்திலிக் கருவாட்டையோ மசாலாத் தூளையோ ஒரு முறை போட்டுவிட்டால் அந்த வாடை போகாது, அந்த வாளி என்றென்றைக்கும் அதற்கே.

தேதியை மூடியில் எழுதாதீர்கள், வாளியின் உடம்பில் எழுதுங்கள். மூடிகள் கழுவும்போது மாறிப்போகும்.

காற்றுப்புகா பை

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேமரூன் நாட்டுத் தட்டைப்பயறு உழவர்களுக்காக வடிவமைத்த மூன்றடுக்குப் பைதான் இந்த வகையில் பேர்பெற்றது. வெளியே சாக்கு, உள்ளே தலா 80 மைக்ரான் தடிமனுள்ள இரண்டு பாலித்தீன் பைகள். பூச்சிமருந்து கிடையாது. உள்ளே அடைபட்ட வண்டு மூச்சுவிட்டே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அசைய முடியாமல், முட்டையிட முடியாமல் சாகிறது. குதிரின் வாயைச் சாணமும் மண்ணும் பூசி அடைத்த நம் முன்னோர் செய்ததும் ஏறக்குறைய இதே வேலைதான்.

உழவருக்கு அருமையான பொருள். நகர வீட்டுக்கு? பெரும்பாலும் 50 கிலோ அளவில்தான் கிடைக்கிறது, சிறியதைத் தேடிப் பிடிக்க வேண்டும். தினமும் திறந்து ஒரு படி அரிசி எடுத்தால் ஒவ்வொரு முறையும் புதுக் காற்று நுழையும், வண்டுக்கு மறுவாழ்வு கிடைக்கும். ஆக, குறைந்தது ஒரு மாதமாவது திறக்காமல் விட முடிகிறவர்களுக்கே இது பயன்.

கட்டும் முறையில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். முதல் பையில் அரிசியைப் போட்டு, மேலே ஒரு முழம் காலி விட்டு, அரிசியோடு ஒட்டும்படி அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காலிப்பகுதியைக் கயிறுபோல முறுக்கி, அந்த முறுக்கை இரண்டாக மடித்து, மடிப்பின்மேல் சணலால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு இரண்டாவது பையையும் அதேபோல. முறுக்காமல் வெறுமனே கட்டினால் சுருக்கங்களுக்கு நடுவே காற்று போகும். கட்டி முடித்ததும் பையைக் கட்டிப்பிடித்து அழுத்தினால் காற்றடைத்த பந்துபோல எதிர்க்க வேண்டும். மெல்ல இளகினால் எங்கோ ஓட்டை. கைவளையல் கீறியே ஓட்டை விழும், கவனம்.

இந்தப் பையை டிரம்முக்குள் வைத்துக் கட்டினால் எலிப் பிரச்சினையும் தீரும், டிரம் மூடியின் குறையும் மறையும். இரண்டும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு இதுவே சிக்கனமான வழி.

அலுமினிய உறையும் ஆக்சிஜன் உறிஞ்சியும்

அலுமினியப் படலமும் பிளாஸ்டிக்கும் சேர்த்து ஒட்டிய பை இது. நான்கிலும் நீண்ட காலம் காப்பது இதுதான். கணக்குத் தெரியாமல் செய்தால் காசு வீணாவதும் இதில்தான்.

உறிஞ்சி என்பது இரும்புத்தூள் நிரப்பிய சிறு பொட்டலம். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவே. எத்தனை போடுவது? 5 கிலோ அரிசி அடைக்கும் இடம் 6 லிட்டருக்குச் சற்று மேல். அதில் மணிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது இரண்டரை லிட்டர் காற்று. உறையின் வாய்ப்பக்கம் மிச்சமிருக்கும் அரை லிட்டரையும் சேர்த்தால் 3 லிட்டர். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் என்பதால் 630 சிசி. 300 சிசி என்று அச்சிட்ட பொட்டலம் இரண்டு போட்டால் பற்றாது. மூன்று வேண்டும். 5 கிலோவுக்கு ஒன்று போதும் என்று விற்பவர் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கொண்டைக்கடலை மாதிரிப் பெரிய மணி என்றால் இன்னும் ஒன்று சேர்த்துப் போடுவதே பாதுகாப்பு.

பொட்டலக் கட்டைப் பிரித்த நொடியிலிருந்து உறிஞ்சி வேலையைத் தொடங்கிவிடும். எல்லா உறைகளிலும் அரிசியை நிரப்பி, வாயை ஒட்டத் தயாராக வைத்துக்கொண்டு, கடைசியாகத்தான் கட்டைப் பிரிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் ஒட்டி முடித்துவிடுங்கள். மிச்சமானதைச் சிறு கண்ணாடி சீசாவில் நிறையப் போட்டு இறுக்கி மூடுங்கள். கைக்கு மென்மையான தூளாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. கல்போல் இறுகியிருந்தால் முடிந்துபோனது.

ஒட்டுவதற்குத் தனி இயந்திரம் வேண்டாம், இஸ்திரிப் பெட்டியே போதும். மரப்பலகையின் விளிம்பில் உறையின் வாயை விரித்து, மேலே மெல்லிய பருத்தித் துணி வைத்து, விரல் அகலத்துக்கு நான்கைந்து நொடி அழுத்துங்கள். சூடு எவ்வளவு என்பதை முதலில் காலி உறையின் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டு பிரிவதற்கு முக்கியக் காரணம் தவிட்டுத் தூசு. வாயின் உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்து உறை அரிசியோடு ஒட்டிச் செங்கல்போல இறுகும். முழுக்க இறுகாவிட்டாலும் பதற வேண்டாம். போனது ஐந்தில் ஒரு பங்குக் காற்றுதான், நைட்ரஜன் உள்ளேயே இருக்கிறது.

சர்க்கரைக்கும் உப்புக்கும் உறிஞ்சி போடாதீர்கள், பாறையாகிவிடும். உறிஞ்சிக்குக் கொஞ்சம் ஈரம் தேவை என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். ஈரப்பசை உள்ள எதையும், வதக்கிய தொக்கு, அரைகுறையாகக் காய்ந்த தேங்காய் போன்றவற்றை, இந்த முறையில் அடைக்கவே கூடாது. காற்றில்லாத ஈர உணவில் உயிரைக் குடிக்கும் நஞ்சு உண்டாகலாம். கைக்குத்தல் அரிசியும் இதற்கு ஏற்றதல்ல, தவிட்டு எண்ணெய் ஆறு மாதத்திலேயே காறத் தொடங்கும். கம்பை மணியாகவே வையுங்கள். மாவாக்கினால் ஒன்றிரண்டு வாரத்தில் கசந்துவிடும்.

உறைக்குப் பரிசோதனை ஓட்டம் கிடையாது, ஒரு முறை திறந்தால் அந்த உறையின் கதை முடிந்தது. எலிக்கும் தாங்காது. ஒட்டிய உறைகளை வாளிக்குள் அடுக்கி மூடுவதே சரி. தொடாமல் வைக்கும் பத்துநாள் இருப்புக்கு வாளியும் உறையும் சேர்ந்த இந்த ஜோடியைத்தான் நாங்கள் தேர்ந்தெடுப்போம்.

கலத்தில் கலப்பவை

வசம்பு, வேப்பிலை, காய்ந்த மிளகாய் வண்டை ஓரளவு விரட்டும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்த பிறகே போடுங்கள், பச்சை இலை ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பருப்புக்கு விளக்கெண்ணெய் உண்மையிலேயே நல்ல காப்பு: கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி போதும், கையால் பிசிறி வைத்தால் முட்டை ஒட்டாது, ஒட்டினாலும் மூச்சுமுட்டிப் பொரியாது. துவரைக்குச் செம்மண் கட்டும் வழக்கத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். போரிக் பவுடர் கலக்காதீர்கள், அது உணவல்ல. கிட்டங்கிகளில் பயன்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யார் எவ்வளவு நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது விடும் பாஸ்பீன் வாயு தூங்குகிற அறையில் குடும்பத்தையே கொன்றுவிடும்.

ஃபிரிட்ஜில் இடம் இருந்தால், அடைக்கும் முன் ஒவ்வொரு கிலோவாகக் கட்டி உறைபெட்டியில் மைனஸ் 18 பாகையில் ஒரு வாரம் வையுங்கள். முட்டைவரை செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் ஒரு நாள் விட்டுவிடுங்கள். குளிர்ந்த அரிசியைப் பிரித்தால் காற்றின் ஈரம் அதன்மேல் வேர்த்து நிற்கும்.

உள்ளே எதைப் போடுவது

நான்கு பேர், பத்து நாள்: அரிசி 12 கிலோ, பருப்பு 3 கிலோ, அவல் 2 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு அரை கிலோ, புளி கால் கிலோ, மிளகாய், மஞ்சள், வற்றல். கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,800 கலோரி வரும். வயிறு வாடாது.

அரிசியில் புழுங்கலே மேல். வெந்து காய்ந்ததால் மணி இறுகியிருக்கும், வண்டு துளைக்கத் திணறும். பருப்பில் பாதிக்கு மேல் பாசிப்பருப்பாக இருக்கட்டும். பழைய துவரம்பருப்பு வேக மறுக்கும், எரிவாயுவைக் குடிக்கும். பாசிப்பருப்பு குக்கர் இல்லாமலே அரை மணிக்குள் குழைந்துவிடும். 14.2 கிலோ சிலிண்டர் எந்த நாள் தீரும் என்று தெரியாத வீட்டில் இது பெரிய வித்தியாசம். புழுங்கலரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து ஏற்றுவதும், ஒரு கொதி வந்ததும் இறக்கிப் பழைய கம்பளியால் பொதிந்து வைப்பதும் எரிவாயுவைக் கண்கூடாக மிச்சப்படுத்தும். சிலிண்டர் தீர்ந்துபோனால் அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் இருக்கின்றன. நெருப்பே வேண்டாத வேளைகளுக்கு அவற்றைப்போல வேறில்லை. குளிருக்காகவோ சமைக்கவோ கரியடுப்பை மூடிய அறைக்குள் பற்றவைக்காதீர்கள்.

தண்ணீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்பது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். நான்கு பேருக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேன் மூன்று இருந்தால் நிம்மதி. வெள்ளத்தில் சம்ப் தொட்டிக்குள் தெருத் தண்ணீர் இறங்கியிருக்கும், அதைச் சோதிக்காமல் ஏற்றாதீர்கள். அடுப்பு எரிந்தால் தளதளவென்று கொதிக்க வைப்பதே சிறந்தது. முடியாதபோது, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் (திரவ பிளீச்) லிட்டருக்கு 2 சொட்டு விட்டுக் கலக்கி அரை மணி நேரம் மூடி வையுங்கள். கலங்கல் தண்ணீரை முதலில் வேட்டித் துணியில் வடிகட்டி, 4 சொட்டு விடுங்கள். லேசான குளோரின் வாடை இருந்தால் சரி.

தண்ணீர் வடிந்த பிறகு

வெள்ளநீர் தொட்ட அரிசி, பருப்பு, மாவு எதையும் கழுவிக் காயவைத்துச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். சாக்கடை கலந்த நீர் அது. திருகு மூடி வாளி முழுக்க மூழ்கிக் கிடந்திருந்தால், வெளியே எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும், வெறுமனே கொட்டிவைத்த அரிசியை நம்ப வேண்டாம். திருகின் இழைக்குள் சேறு தங்கும், திறக்கும்போது உள்ளே விழும். உறையில் ஒட்டி வாளிக்குள் அடுக்கியவர்களுக்கு இந்த இடத்தில்தான் உழைப்பின் பலன் கிடைக்கும். உறைகளை வெளியே எடுத்துச் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, ஒட்டு வரியை நகத்தால் வருடிப் பாருங்கள். எங்காவது பிசிறியிருந்தால், உறை புடைத்திருந்தால், உள்ளே அரிசி ஈரம் கோத்த கட்டியாகக் கையில் பட்டால் எறிந்துவிடுங்கள். இறுகியபடி இருப்பவற்றை, லிட்டருக்கு 4 மில்லி அதே ஹைப்போகுளோரைட் கரைசல் கலந்த தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, எடுத்துத் துடைத்துக் காற்றாட உலரவிடுங்கள். கத்தரிக்கோலையும் அதே தண்ணீரில் முக்கித் துடைத்த பிறகு ஒட்டு வரிக்குக் கீழே வெட்டி, அரிசியை முகர்ந்து பார்த்து உலையில் போடலாம்.